பேதியை நிறுத்திய மூக்குக் குழாய்

வாரக்கணக்கில் பேதியாகி உடம்பு வற்றிப்போன ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே வாந்தியும் இருக்கிறது. வாந்திக்காக மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாயை இரைப்பைவரை இறக்கி, அங்கே சுரந்து தேங்கும் நீரை உறிஞ்சி வெளியே எடுக்கிறார்கள். குழாய் இறங்கிய சில மணி நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. பேதி நின்றுவிடுகிறது. குடலுக்கென்று ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. குழாயை உருவினால் பேதி மறுபடி வருகிறது.

பேதி என்றால் கோளாறு குடலில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கெட்டுப்போன சாப்பாடு, சுத்தமில்லாத தண்ணீர், பூச்சி, கிருமி என்று நம் மனம் கீழேயே தேடும். இந்த நோயாளிக்கோ பேதியின் ஊற்று மேலே, இரைப்பையில் இருக்கிறது. குழாய் வெளியே இழுத்தது வெறும் தண்ணீரை அல்ல, அமிலத்தை. கீழே இறங்க வேண்டிய அமிலத்தை நடுவழியில் தடுத்ததும் குடல் அமைதியாகிவிட்டது.

இப்படி நடந்துகொள்ளும் அரிய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸோலிஞ்சர்–எல்லிசன் நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு, மிஞ்சிப்போனால் மூவருக்கு வருவது. அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமானால், ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எழுபது பேருக்காவது அது புதிதாக வரவேண்டும். அவர்கள் எந்தப் பெயரில், எந்த மருந்துச் சீட்டோடு நடமாடிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தை எழுதும்போது என் மனத்தை விட்டு அகலாத கேள்வி.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பேருந்து ஓட்டுநர், வயது நாற்பத்திரண்டு. மேல்வயிறு எரிகிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் நெருப்பு வைத்தாற்போல இரவில் விழிப்பு வருகிறது. மருத்துவரிடம் போகிறார். “நேரத்துக்குச் சாப்பிடுங்க, டீயையும் காரத்தையும் குறைங்க” என்ற புத்திமதியோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கிடைக்கிறது. எரிச்சல் தணிகிறது. மாத்திரை தீர்ந்து இரண்டு மூன்று நாளில் திரும்பி வருகிறது. அவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறேழு முறை ஒதுங்க வேண்டியிருக்கிறது. வண்டியை எடுத்தால் அடுத்த நிலையம்வரை தாங்குமா என்ற பயம். அதற்காக வேறொரு மருத்துவரைப் பார்க்கிறார். “வெளிச் சாப்பாடு, டென்ஷன்” என்று இன்னொரு மாத்திரை. எரிச்சலைப் பார்த்தவரிடம் பேதியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பேதியைப் பார்த்தவர் எரிச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. மலம் கழிப்பதைப் பற்றிப் பேச நமக்கிருக்கும் கூச்சம் இந்த நோய்க்கு ஒரு நல்ல மறைவிடம்.

தனித்தனியாகப் பார்த்தால் அவர் சொல்வதில் அபூர்வமாக எதுவும் இல்லை. நெஞ்செரிச்சல் இல்லாத தெருவே கிடையாது. அடிக்கடி பேதி என்பவர்களும் ஏராளம். இரண்டும் ஒரே உடம்பில், ஒரே காலத்தில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருப்பதுதான் அபூர்வம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் இந்த நோயுள்ள 261 பேரை நெடுங்காலம் கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நான்கில் மூவருக்கு வயிற்று வலி. கிட்டத்தட்ட அதே அளவினருக்குப் பேதி. பாதிப்பேருக்கு மேல் இரண்டும் சேர்ந்தே இருந்தன. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயின் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்து ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலம்.

அமிலம் ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சாதாரண நாளில் இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சோறு உள்ளே வந்ததும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள சில செல்கள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது ரத்தத்தோடு ஒரு சுற்றுப் போய் அதே இரைப்பையின் மேல்பகுதிக்குத் திரும்பி வந்து, அங்குள்ள செல்களை ஹிஸ்டமின் சுரக்கச் செய்கிறது. ஹிஸ்டமின் பக்கத்திலுள்ள அமிலச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செல்களின் விளிம்பில் இருக்கும் புரோட்டான் பம்புகள் அமிலத்தை இறைக்கின்றன. அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும், அந்த அமிலமே கேஸ்ட்ரின் செல்களை அடக்குகிறது. வயலில் நீர் நிறைந்ததும் மடை தானாக அடைபடுவதைப் போன்ற ஏற்பாடு.

ஸோலிஞ்சர்–எல்லிசன் நோயில், முன்சிறுகுடலின் சுவரிலோ கணையத்திலோ ஒரு கட்டி உண்டாகி, அதுவும் கேஸ்ட்ரினைச் சுரக்கத் தொடங்குகிறது. அதற்கு மடை கிடையாது. அமிலம் எவ்வளவு நிறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், நள்ளிரவிலும் அது கேஸ்ட்ரினை விட்டுக்கொண்டே இருக்கும். இரைப்பை தனக்கு வந்த கட்டளைக்குப் பணிந்து அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கேஸ்ட்ரினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது இரைப்பையின் உட்சுவரை வளரவும் வைக்கும். ஆண்டுகள் போகப்போக அமிலச் செல்களின் எண்ணிக்கையே கூடி, உட்சுவரின் மடிப்புகள் தடித்துவிடுகின்றன. எண்டோஸ்கோப்பி செய்பவர் கண்ணுக்கு அது தெரியும். அந்த 261 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மடிப்புகள் இப்படித் தடித்திருந்தன.

கட்டி ஓரிடம், அமிலம் ஓரிடம், புண் இன்னோரிடம், பேதி வேறோரிடம். இந்த நான்கையும் ஒரே நூலில் கோத்தவர்கள் இரண்டு அறுவை மருத்துவர்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸோலிஞ்சரும் எட்வின் எல்லிசனும் 1955இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் அமிலப்புண் வந்த இடமே விசித்திரமானது. வழக்கமாக அது இரைப்பையிலோ, அதை ஒட்டிய முன்சிறுகுடலின் முதல் சில அங்குலங்களிலோ வரும். இவர்களுக்கு அதையும் தாண்டி நடுச்சிறுகுடலில் வந்திருந்தது. அறுவை செய்து சரிசெய்தாலும் புண் திரும்பத் திரும்ப வந்தது. இருவர் கணையத்திலும் கட்டி இருந்தது. இன்சுலின் சுரக்கும் வகைக் கட்டி அல்ல. கணையக் கட்டியிலிருந்து வரும் ஏதோ ஒரு சுரப்புதான் இரைப்பையை முடுக்குகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். எந்தச் சுரப்பு என்று அப்போது சொல்ல முடியவில்லை.

உண்மையில் அதன் பெயர் ஐம்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்தது. 1905இலேயே ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஜான் எட்கின்ஸ், இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்த சாறு அமிலத்தைத் தூண்டுகிறது என்று காட்டி, அதற்கு கேஸ்ட்ரின் என்று பெயரிட்டிருந்தார். பிறகு ஹிஸ்டமினும் அமிலத்தைத் தூண்டும் என்று தெரிந்ததும், எட்கின்ஸ் கண்டது வெறும் ஹிஸ்டமின்தான் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 1938இல் கோமரோவ் என்ற ஆய்வாளர், ஹிஸ்டமின் நீக்கிய சாறும் அமிலத்தைத் தூண்டுவதைக் காட்டினார். லிவர்பூலில் ராடரிக் கிரெகரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960இல் இந்த நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்தே கேஸ்ட்ரின் போன்ற பொருளை எடுத்தார்கள். 1964இல் கிரெகரியும் ஹில்டா டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து கேஸ்ட்ரினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எட்கின்ஸ் சொன்னது சரி என்று உறுதியானபோது அவர் உயிரோடு இல்லை. ஒரு ஹார்மோன் உண்டா இல்லையா என்ற நீண்ட வழக்கில், இந்த அரிய நோயாளிகளின் கட்டிதான் முக்கியச் சாட்சியாக நின்றது.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். முதலில் பேதி, ஏனென்றால் அதுதான் அதிகம் தவறவிடப்படுவது. இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தைக் கணையத்தின் காரநீர் நடுநிலைப்படுத்திவிட வேண்டும். அளவு மீறி வரும்போது கணையம் திணறுகிறது. முதலாவதாக, நீரின் அளவே குடல் உறிஞ்சும் திறனை மிஞ்சிவிடுகிறது. இரண்டாவதாக, அமிலம் சிறுகுடலின் மென்மையான உறிஞ்சிகளை அரிக்கிறது. மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக வியப்பானது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் என்ற கணைய நொதி அமிலத்தில் செயலிழந்துவிடும். அதனால் சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் செரிக்காமல் அப்படியே போகும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றம் மிகுந்து, தண்ணீரில் மிதக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும்.

இந்தப் பேதியின் அடையாளம் ஒன்றை எளிதில் கண்டுகொள்ளலாம். குடல் நோய்களால் வரும் பேதி அமில மாத்திரைக்கு அசைந்துகொடுக்காது. இது கொடுக்கும். ஒமிப்ரசோலோ பாண்டோபிரசோலோ சாப்பிடும் நாட்களில் பேதி நின்று, மாத்திரை தீர்ந்ததும் திரும்பினால், மூக்குக் குழாய் செய்த வேலையை இங்கே மாத்திரை செய்கிறது என்று பொருள். “நெஞ்செரிச்சலுக்குத்தான் மாத்திரை போட்டேன், பேதியும் நின்னுடுச்சு” என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்வதை, தற்செயல் என்று தள்ளாமல் மருத்துவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது புண். அமிலப்புண் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதைக் கண்டறிந்து 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்றொன்று, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்கும் ஆஸ்பிரின், டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். பாக்டீரியாவும் இல்லை, வலி மாத்திரையும் சாப்பிடுவதில்லை, ஆனாலும் புண் வருகிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். பாக்டீரியாவை ஒழித்த பிறகும் புண் திரும்பினாலும் அப்படித்தான். ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள், முன்சிறுகுடலின் முதல் வளைவைத் தாண்டிய புண், ஓட்டை விழுந்த புண், ரத்தம் கசிந்து மலம் தார்போல் கறுத்துப்போவது, இவை சந்தேகத்தை இன்னும் கூட்டுகின்றன. ஆனால் விசித்திர இடத்தில் புண் வந்தால்தான் இந்த நோய் என்று காத்திருக்கக் கூடாது. இன்று பலருக்குப் புண் வழக்கமான இடத்திலேயே இருக்கிறது. சிலருக்குப் புண்ணே இருப்பதில்லை. தீராத நெஞ்செரிச்சலும் பேதியும் மட்டுமே இருக்கும்.

மூன்றாவது தடயம் வயிற்றுக்கு வெளியே கிடைக்கிறது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. பதினோராம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாகி, பேராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி ஆகிய மூன்று சுரப்பிகளிலும் கட்டிகள் முளைக்கும் குடும்ப நோய் அது. அதை பால் வெர்மர் என்ற மருத்துவர் 1954இல் விவரித்தார். மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. பேராதைராய்டு மிகையாக வேலை செய்தால் ரத்தத்தில் கால்சியம் கூடும், சிறுநீரகத்தில் கல் உண்டாகும். ஆகவே அல்சர்காரரிடம் “உங்களுக்குக் கல் அடைப்பு வந்ததுண்டா? அப்பாவுக்கு? அத்தைக்கு?” என்று கேட்பது சம்பந்தமில்லாத கேள்வி அல்ல. நம் வீடுகளில் கல் அடைப்பை ஊர்த் தண்ணீரின் மேல் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அதில் தவறும் இல்லை. அல்சரும் பேதியும் அதே குடும்பத்தில் சேர்ந்தால் மட்டும் ஒருமுறை கால்சியத்தைப் பார்த்துவிட வேண்டும். செலவு குறைந்த ரத்தப் பரிசோதனை அது.

இவ்வளவு தடயங்கள் இருந்தும் ஏன் ஐந்து ஆண்டு ஆகிறது? முக்கியக் காரணம், அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரைதான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அமிலத்தை அடக்கும் நல்ல மருந்துகள் வருவதற்கு முன் இந்த நோயாளிகளின் கதி பரிதாபமானது. கட்டியைக் கண்டுபிடிக்க முடியாததால், அதன் கட்டளையை ஏற்கும் உறுப்பான இரைப்பையை முழுவதுமாக வெட்டி எடுத்தார்கள். இரைப்பையே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள் பலர். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெடிடினும், எண்பதுகளின் இறுதியில் வந்த ஒமிப்ரசோலும் அந்த அறுவையைத் தேவையற்றதாக்கின. அவை உயிர் காத்த மருந்துகள். ஆனால் அவ்வளவு திறமையான மருந்து, நோயாளி யார் என்று தெரியும் முன்பே அவர் கையில் கிடைத்துவிடுகிறது. மருந்துக்கடையில் கேட்டதும் தருகிறார்கள். புண் ஆறுகிறது, பேதி நிற்கிறது, ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கட்டி மட்டும் உள்ளே மெல்ல வளர்கிறது. இந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் புற்றுத்தன்மை கொண்டவை. மெதுவாக வளர்பவைதான் என்றாலும், கல்லீரலுக்குப் பரவிவிட்டால் நிலைமையே வேறு. தாமதம் ஆபத்தாவது அதனால்தான்.

மாத்திரை வேறொரு வகையிலும் குழப்புகிறது. சந்தேகம் வந்ததும் செய்யும் முதல் பரிசோதனை, வெறும் வயிற்றில் ரத்தத்திலுள்ள கேஸ்ட்ரினை அளப்பது. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 100 பிகோகிராமுக்குள் இருப்பது இயல்பு. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் அமில மாத்திரை சாப்பிடும் பெரும்பாலோருக்கு, அமிலம் குறைந்து மடை திறந்துகொள்வதால், கேஸ்ட்ரின் ஏறித்தான் இருக்கும். இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலமே சுரக்காதவர்களுக்கு அது ஆயிரத்தையும் தாண்டும். ஆகவே ரத்த அறிக்கையில் கேஸ்ட்ரின் கூடியிருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரும் பயந்துவிடக் கூடாது. இரைப்பை நீரின் அமிலத்தன்மையையும் சேர்த்து அளக்க வேண்டும். கேஸ்ட்ரின் பத்து மடங்குக்கு மேல் ஏறி, இரைப்பை நீரின் பி.எச். அளவும் 2 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நோய் உறுதி. அமிலம் நிறைந்திருக்கும்போது கேஸ்ட்ரின் அடங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக உயர்ந்திருப்பதற்கு வேறு விளக்கம் அரிது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். “அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்துப் பார்க்கலாமே” என்று இதைப் படிப்பவர்களில் யாராவது நினைக்கலாம். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நோய் உண்மையிலேயே இருப்பவருக்கு, மாத்திரை நின்றதும் அடைபட்டிருந்த அமிலம் வெள்ளமாகத் திரும்பி, சில நாட்களிலேயே புண்ணில் ரத்தம் பெருகலாம், குடல் ஓட்டையாகலாம். நிறுத்துவதா, குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவதா, எத்தனை நாள் என்பதை அனுபவமுள்ள செரிமான மருத்துவர் தம் கண்காணிப்பில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கேஸ்ட்ரின் கூடியிருந்தும் பத்து மடங்கை எட்டாதவர்களே நோயாளிகளில் அதிகம். அவர்களுக்கு இன்னொரு பரிசோதனை உண்டு. 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த சீக்ரெட்டின்தான் மனிதர் அறிந்த முதல் ஹார்மோன். அதைச் சிரை வழியே செலுத்தினால் இயல்பான கேஸ்ட்ரின் செல்கள் ஏறக்குறைய சும்மா இருக்கும். கட்டியின் செல்கள் மட்டும் ஏமாந்து, சில நிமிடங்களில் கேஸ்ட்ரினைக் கொட்டிவிடும். 120 பிகோகிராம் அளவுக்கு மேல் ஏறினால் ஐயமில்லை.

பிறகு கட்டியைத் தேட வேண்டும். பித்தக் குழாய், முன்சிறுகுடல், கணையத்தின் கழுத்து ஆகியவற்றுக்கு இடையே ஒரு முக்கோணத்தை மனத்தில் வரைந்துகொண்டால், பெரும்பாலான கட்டிகள் அதற்குள் அகப்படும். முக்கோணம் சிறியது, கட்டி அதைவிட மிகச் சிறியது. முன்சிறுகுடல் கட்டிகள் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. சாதாரண ஸ்கேன் அவற்றைக் காணாமல் விட்டுவிடும். கட்டிச் செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க காலியம் கலந்த மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இப்போது பேருதவியாக இருக்கிறது.

அறுவை அரங்கிலும் ஒரு காட்சி உண்டு. முன்சிறுகுடலுக்குள் எண்டோஸ்கோப்பை நுழைத்து அதன் விளக்கை எரியவிட்டு, அரங்கின் விளக்குகளை மங்கலாக்குகிறார்கள். மெல்லிய குடல் சுவர் காகிதக் கூண்டு போல ஒளிர்கிறது. அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு கரும்புள்ளி. எவ்வளவோ அமிலத்துக்கும் அத்தனை ஆண்டு எரிச்சலுக்கும் பேதிக்கும் காரணமானது மிளகளவுகூட இல்லாமல் இருக்கலாம். சில சமயம் அதுவும் தெரிவதில்லை. குடலைத் திறந்து, விரல் நுனியால் சுவரைத் தடவித் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டி முழுவதும் அகன்றால் கேஸ்ட்ரின் விரைவில் இயல்புக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் இத்தனை காலம் தடித்து வளர்ந்த இரைப்பைச் சுவர் உடனே மெலிந்துவிடாது. கட்டளையிட்டவர் போன பிறகும், கூடிப்போன அமிலச் செல்கள் சில மாதங்களுக்கு, சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அளவுக்கு மேல் சுரந்துகொண்டேயிருக்கும். அதனால் நோய் நீங்கிய ஓட்டுநரும் காலையில் வெறும் வயிற்றில் அதே மாத்திரையைத்தான் விழுங்குவார். இப்போது எதற்காக விழுங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும்.